பீரோவுக்குக் குதிரை தெரியாது

பிஸ்கட் தட்டை அந்தப் பக்கம் நகர்த்தி வைக்கச் சொன்னேன் என்று தவறாக நினைக்காதீர்கள். பிஸ்கட்டின் மேல் எனக்கு ஒரு கோபமும் கிடையாது. நானும் சாப்பிடுகிறவன்தான். தட்டை மடியில் வைத்து, குனிந்து, பொடி உதிராமல் சாப்பிட்டுவிட்டுக் கையைக் கழுவிக்கொண்டு வருவேன். அப்படிச் சாப்பிடுகிற யாரோடும் எனக்கு வம்பு வந்ததில்லை.

நீங்களாக என்னைக் கூப்பிடவில்லை, நானாகத்தான் வந்திருக்கிறேன். உங்கள் ஸ்டேஷன் ஆட்கள் விபத்து என்று எழுதி மூடிவிட்டார்கள். அவர்கள் மேல் குறை சொல்ல மாட்டேன், அவர்களுக்குக் காட்டியதை வைத்துத்தானே எழுத முடியும். ஆரம்பத்திலிருந்து சொல்கிறேன். நடுநடுவே சதுரங்கம் வரும், கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் ஆய்வுக்கூடத்தில் எதிரெதிரே இரண்டு அறைகள். இரண்டிலும் ஒரே வேலைதான், கம்ப்யூட்டரைச் சதுரங்கம் ஆடவைப்பது. என் அறையில் இருந்தது சதுரங்கத்துக்காகவே செய்த இயந்திரம். ஆள் உயர இரும்பு அலமாரி, உள்ளே தட்டுத் தட்டாக சர்க்யூட் போர்டுகள். எல்லோரும் அதை பீரோ என்பார்கள். கிண்டலாக ஆரம்பித்தது, கடைசியில் இயக்குநரே அறிக்கையில் பீரோ என்று எழுதும் அளவுக்கு வந்துவிட்டது. அதற்குச் சதுரங்கம் தவிர வேறொன்றும் தெரியாது. கூட்டல் கணக்குகூட வராது, ஆட்டத்தை ஆரம்பி, காயை நகர்த்து என்று உத்தரவு போட வெளியே தனியாக ஒரு சின்னக் கம்ப்யூட்டர் உண்டு. எதிர் அறையில் கடையில் கிடைக்கிற சாதாரணக் கம்ப்யூட்டர் ஒன்று, அதில் மாப்பிள்ளை எழுதிய நிரல்.

மாப்பிள்ளை என்றால் என் தங்கையின் கணவர். நான் கூப்பிடுவதைக் கேட்டுக் கேட்டு வாசல் காவலாளி வரைக்கும் அவரை மாப்பிள்ளை என்றே கூப்பிட்டார்கள். அந்த வேலைக்கு அவரைச் சிபாரிசு செய்ததே நான்தான். அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

வித்தியாசம் என்னவென்று சுருக்கமாகச் சொல்கிறேன். எந்தக் காய் எங்கே போகலாம் என்று கண்டுபிடிப்பதில்தான் இந்த இயந்திரங்களுக்குப் பாதி நேரம் போகும். மாப்பிள்ளையின் நிரல் தபால்காரரைப் போல ஒவ்வொரு கட்டமாகப் போய்க் கதவைத் தட்டி விசாரிக்கும். என் பீரோவில் அறுபத்து நான்கு கட்டங்களுக்கும் தனித்தனி மின்சுற்று வைத்திருந்தேன். யாரும் யார் கதவையும் தட்ட வேண்டாம், எல்லாக் கட்டமும் ஒரே நேரத்தில் கையைத் தூக்கும். அவருடையது ஒரு நிலையைப் பார்த்து முடிப்பதற்குள் என்னுடையது நூற்றுக்கணக்கில் பார்த்துத் தள்ளியிருக்கும்.

அவர் பக்கமும் ஒரு நியாயம் உண்டு, அதை நான் மறைக்கவில்லை. ஈயம் வைத்துப் பற்றவைத்தது பற்றவைத்ததுதான், கம்பியில் எழுதியதை அழித்து எழுத முடியாது. நிரல் அப்படியில்லை. காலையில் தோற்றால் மத்தியானம் திருத்திவிடலாம். மாப்பிள்ளை அதைத்தான் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார்.

"மச்சான், என்னோடது தினமும் கொஞ்சம் புத்திசாலியா எழுந்திருக்குது. உங்க பீரோ பொறந்தப்ப எவ்வளவு புத்தியோ அதே புத்தியோடதான் இன்னும் இருக்கு."

எல்லோரும் சிரிப்பார்கள், நானும் சிரிப்பேன். உள்ளுக்குள் எனக்கு அது பாராட்டாகத்தான் பட்டது. பிறகு திருத்திக்கொள்ளலாம் என்று தெரிந்துவிட்டால் மனிதனுக்குத் தப்பு செய்யக் கூச்சமே போய்விடுகிறது. அவருடைய நிரலை ஒருமுறை அச்சடித்துப் பார்த்தேன். ஒட்டு மேல் ஒட்டு, அதன் மேல் இன்னொரு ஒட்டு. ஓரிடத்தில், 'இது ஏன் ஓடுதுன்னு தெரியல, தொட வேண்டாம்' என்று தனக்குத்தானே குறிப்பு எழுதி வைத்திருந்தார். அதைக் காட்டிக் கேட்டதற்கு, "ஓடுதுல்ல மச்சான், விடுங்க" என்றார். அந்த மனிதரின் கையில் என் தங்கையைக் கொடுத்திருக்கிறோம் என்று அன்றைக்குத் தோன்றியது.

இப்போது பிஸ்கட்டுக்கு வருகிறேன். அவர் பிஸ்கட்டை டீயில் நனைப்பார். பாதி ஊறி உள்ளே விழுந்துவிடும். விரலை விட்டு எடுத்து வாயில் போட்டுக்கொள்வார். அந்த விரலைப் பேண்ட்டில் ஒரு தேய் தேய்த்துவிட்டு, நேராக என் அறைக்கு வந்து, போர்டுகளின் தங்கமுலாம் பூசிய முனைகளைத் தடவி, "என்ன அழகு மச்சான்" என்பார். அவர் போன பிறகு பார்த்தால் தங்கத்தின் மேல் விரல்ரேகை எண்ணெய்ப் பிசுக்கோடு பளபளக்கும். நான் பஞ்சையும் ஸ்பிரிட்டையும் எடுத்துக்கொண்டு உட்காருவேன். இப்படி எத்தனை நாள். பேசிக்கொண்டே சாப்பிடுவார், பேசுகிற வேகத்தில் பொடி பறக்கும், பீரோவின் கதவு திறந்திருக்கும்.

ஒருநாள் பீரோ ஆட்டத்தின் நடுவே இல்லாத யானையைக் கண்டு பயந்து ராஜாவை ஓடவைத்தது. போர்டைக் கழற்றிப் பார்த்தேன். இரண்டு முனைகளுக்கு நடுவே எறும்பு ஒன்று கருகி ஒட்டிக்கொண்டிருந்தது. அதைச் சுற்றிப் பிசுபிசுவென்று சர்க்கரை. கீழ்த்தட்டில் விளக்கடித்தேன், சாரி சாரியாக எறும்பு. நான் பெற்ற பிள்ளையின் காதுக்குள் புழுவைப் பார்த்ததுபோல் இருந்தது. மாப்பிள்ளை எட்டிப் பார்த்துவிட்டு, "உங்க பீரோவுக்கும் இனிப்பு பிடிக்கும்போல" என்றார். அப்புறம் என் முகத்தைப் பார்த்துவிட்டு, பாவம்போல ஓடிப் போய்க் குழாயில் கைக்குட்டையை நனைத்துக்கொண்டு வந்து நின்றார்.

"ஈரத் துணி இந்த ரூமுக்குள்ளயே வரக் கூடாது மாப்பிள்ளை" என்றேன். அதற்குப் பிறகும் அதைப் பல தடவை சொல்லியிருக்கிறேன்.

அந்த அறையில் இன்னொரு விதியும் உண்டு, அதையும் அவருக்கு நான்தான் கற்றுக்கொடுத்தேன். பீரோவின் அடித்தட்டில் பெரிய பெரிய கெப்பாசிட்டர்கள் இருக்கும். சுவிட்சை அணைத்துவிட்டால் மின்சாரம் போய்விட்டது என்று நிரல் எழுதுகிறவர்கள் நினைப்பார்கள். போகாது. ஒரு ஆளைக் கொல்லும் அளவுக்கு அது உள்ளேயே தங்கியிருக்கும், சத்தமில்லாமல், வெளிச்சமில்லாமல். அதனால் அணைத்ததும் எர்த் கம்பியை எடுத்து கெப்பாசிட்டர் முனையில் மாட்டுவோம். மரப்பிடி போட்ட கம்பி, அதிலிருந்து ஒரு ஒயர் தரைக்குப் போகும். தங்கியிருப்பது அது வழியாக இறங்கிவிடும். வேலை முடிகிறவரை கம்பி அங்கேயே தொங்கும். தொங்கினால் கை வைக்கலாம், தொங்காவிட்டால் வைக்கக் கூடாது. மாப்பிள்ளை என் துறையில் உருப்படியாகக் கற்றுக்கொண்டது அது ஒன்றைத்தான். அறைக்குள் வந்ததும் முதலில் கம்பியைப் பார்ப்பார். சின்னப் பிள்ளை தெருவைக் கடக்கும்போது இரண்டு பக்கமும் பார்ப்பதுபோல் பார்ப்பார்.

இப்படி ஓடிக்கொண்டிருந்தபோது இயக்குநர் எங்கள் இருவரையும் உட்காரவைத்து, இனி இரண்டு அறை கிடையாது என்றார். வெளியிலிருந்து ஆட்களைக் கூப்பிட்டு, அவர்கள் முன்னால் பீரோவும் நிரலும் ஒரே ஒரு ஆட்டம் ஆட வேண்டும். வெல்கிறவரின் வேலை தொடரும், தோற்கிறவரின் அறையை மூடிவிடுவார்கள். நிரல் தோற்றால் மாப்பிள்ளை அதை நகல் எடுத்துக்கொண்டு வேறெங்காவது போகலாம். பீரோ தோற்றால் அதைப் பிரித்து, போர்டு போர்டாகக் கழற்றி, உதிரிப்பாகங்களுக்குக் கொடுத்துவிடுவார்கள். என் தலைமுடி நரைத்ததெல்லாம் அந்தப் பீரோவின் முன்னால்தான்.

போட்டிக்கு முன் எங்களுக்குள் ஒரு ஒத்திகை ஆடிப் பார்த்தோம். பீரோ நன்றாகத்தான் ஆடியது. கடைசியில் என் சிப்பாய் ஒன்று எட்டாவது கட்டத்துக்குப் போய்ச் சேர்ந்தது. அங்கே போன சிப்பாய் என்ன ஆகும் என்று உங்களுக்கே தெரியும், ராணி ஆகும். பீரோவும் ராணியாக்கியது. அடுத்த நகர்த்தலில் எதிர்ப்பக்க ராணி வந்து என் ராஜாவுக்குச் செக்மேட் வைத்துவிட்டது. சரி, தோல்வி என்று எழுந்துவிட்டோம்.

இங்கேதான் நான் ஒன்றைச் சொல்ல வேண்டும். சிப்பாய் ராணிதான் ஆக வேண்டும் என்று சட்டம் இல்லை. யானை ஆகலாம், மந்திரி ஆகலாம், குதிரைகூட ஆகலாம். ராணியாகிற பாக்கியம் கிடைத்தவர் யாராவது குதிரை ஆவார்களா. எத்தனையோ ஆட்டத்தில் ஒரு தடவை அபூர்வமாக அது தேவைப்படும். அந்த அபூர்வத்துக்காக இன்னும் ஒரு தட்டு நிறைய சிலிக்கன் சில்லுகள் வேண்டும், பீரோவில் இடமில்லை. வேண்டாம் என்று முடிவு செய்தேன். அதை யாரிடமும் சொல்லவில்லை, யாரும் கேட்கவும் இல்லை. அதை ஒரு தப்பு என்று நான் இன்றுவரை நினைக்கவில்லை.

அன்று மாலை தங்கை வீட்டில் சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். மாப்பிள்ளை மென்றுகொண்டே கொஞ்ச நேரம் சுவரைப் பார்த்தார். பிறகு வாய் நிறையச் சோற்றோடு கேட்டார்.

"மச்சான், உங்க பீரோவுக்குக் குதிரை தெரியாதா?"

தங்கை இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். "என்ன குதிரை?"

"மச்சானோட சிப்பாய் குதிரை ஆகியிருந்தா எனக்குச் செக். அப்படியே என் ராணியையும் அடிச்சிருக்கலாம். நான் காலி. பீரோ அதை யோசிக்கவே இல்ல. யோசிச்சுட்டு விட்டிருந்தா நேரம் எடுத்திருக்கும். நேரமே எடுக்கல, அந்த வழியே உள்ள கிடையாது." அவர் சிரிக்க ஆரம்பித்தார். கேலியாகச் சிரிக்கவில்லை என்று இப்போது தெரிகிறது. புதிர் அவிழ்ந்தால் சிரிப்பது அவர் வழக்கம். அந்தச் சிரிப்பில் ஒரு பருக்கை வந்து என் தட்டின் ஓரத்தில் விழுந்தது.

நான் அந்தப் பருக்கையைப் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

"அண்ணா, ஏன் முகம் இப்படி ஆயிடுச்சு?" என்றாள் தங்கை.

"விடு, இதுக்குப் போய் மச்சான் கவலைப்படுவாரா" என்றார் மாப்பிள்ளை. "நான் சின்னதா ஒரு ஒட்டு போட்டுடறேன் மச்சான். உங்க சில்லு எதையும் மாத்த வேண்டாம். சிப்பாய் கடைசிக் கட்டத்துக்கு வந்தா, குதிரையை மட்டும் நிரல் பார்த்துக்கும், மத்தது எல்லாம் பீரோ பார்த்துக்கும். டைரக்டர் காதுக்குப் போகவே வேண்டாம். நம்ம வீட்டு விஷயம்."

நம்ம வீட்டு விஷயம். பீரோவின் சுத்தமான சுற்றுகளுக்கு நடுவே, கருகிய எறும்பு மாதிரி, அவருடைய ஒட்டு ஒன்று போய் உட்காரப்போகிறது. அது ஏன் ஓடுகிறது என்று அவருக்கே தெரிந்திருக்காது. அப்புறம் காலமெல்லாம் பீரோ ஜெயிக்கும்போதெல்லாம் அவர் என்னைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டுவார். அவர் மூடிமறைத்துக் கொடுத்த மரியாதையில் நான் நிற்க வேண்டும். அந்தப் பருக்கையை விரலால் தள்ளிவிட்டு, "சரி மாப்பிள்ளை, செய்ங்க" என்றேன். மிச்சச் சோற்றை அப்படியே வைத்துவிட்டுக் கை கழுவ எழுந்தேன்.

ஒட்டுப்போட வேண்டுமென்றால் தன் கம்ப்யூட்டரிலிருந்து ஒரு கேபிளைக் கொண்டுவந்து பீரோவின் அடித்தட்டு போர்டில் செருக வேண்டியிருக்கும் என்று அவர் சொல்லியிருந்தார். அந்தப் போர்டு கெப்பாசிட்டர்களுக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. நான் அதை மனதில் வைத்துக்கொண்டேன்.

மறுநாள் சாப்பாட்டு வேளையில் அவர் கேபிளோடு வந்தார். பீரோவை நான்தான் அணைத்தேன். கம்பியை எடுத்து வழக்கம்போல மாட்டினேன். அதன் ஒயர் தரைக்குப் போகும் முனையில் ஒரு திருகு இருக்கும், அதை அன்று காலையிலேயே கழற்றி வைத்திருந்தேன். ஒயர் பீரோவுக்குப் பின்னால் சும்மா கிடந்தது. முன்னால் நின்று பார்த்தால் எந்த வித்தியாசமும் தெரியாது. கம்பி தொங்கும். அவ்வளவுதான்.

அவர் கம்பியைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"தொங்குது, கை வைக்கலாம்" என்றேன்.

"நீங்க போய் நிம்மதியா சாப்பிட்டு வாங்க மச்சான். வரும்போது உங்க பீரோ குதிரை ஏறிப் பழகியிருக்கும்."

கேன்டீனில் சன்னல் ஓர மேசையில் உட்கார்ந்தேன். அன்று நன்றாகவே சாப்பிட்டேன். கையைச் சோப்புப் போட்டுக் கழுவினேன். திரும்பி வந்தபோது அறைக்கு வெளியிலேயே முடி கருகிய நாற்றம் வந்தது. உள்ளே அவர் பீரோவின் முன்னால் முட்டி போட்டபடியே சரிந்து, கதவோரம் தலையைச் சாய்த்துக் கிடந்தார். வாயோரம் எச்சில் கோடாக வழிந்திருந்தது. அதைப் பார்க்கச் சகிக்கவில்லை. நான் முதலில், கை வைக்காமல், விளக்கடித்துப் போர்டுகளைச் சோதித்தேன். நல்லவேளை, எதற்கும் சேதமில்லை.

பிறகு திருகை இருந்த இடத்தில் போட்டு முடுக்கினேன். தங்கியிருந்த மிச்சம் இறங்கியதும், கம்பியை எடுத்துச் சுவரில் அதன் ஆணியில் மாட்டினேன். அப்புறம்தான் ஆட்களைக் கூப்பிட்டேன். உங்கள் ஆட்கள் வந்தார்கள், கம்பி சுவரில் இருப்பதைப் பார்த்தார்கள். எல்லோருமே ஒன்றைத்தான் சொன்னார்கள்: நிரல் எழுதுகிறவர், பாவம், அவருக்கென்ன தெரியும், கம்பியை மாட்டாமலே கையை விட்டுவிட்டார். நான் தலையைக்கூட ஆட்டவில்லை. அவர் அறைக்குள் வந்ததும் முதலில் கம்பியைப் பார்ப்பார் என்று தெரிந்த ஒரே ஆள் நான்தான், என்னை யாரும் அதைக் கேட்கவில்லை. இந்த விஷயத்தில் நான் ஒரு பொய்கூடச் சொல்லவில்லை.

போட்டியை ஒத்திவைத்து, பிறகு அவர் நினைவாகவே நடத்தினார்கள். மாப்பிள்ளையின் நிரலுக்காக இயக்குநரே உட்கார்ந்து காய்களை நகர்த்தினார். தங்கை முன்வரிசையில் என் பக்கத்தில் இருந்தாள். கொஞ்ச நேரத்திலேயே எனக்கு விளங்கிவிட்டது, இது ஒத்திகையில் ஆடிய அதே ஆட்டம். ஒன்றும் மாறாவிட்டால் இரண்டு இயந்திரங்களும் அதே கேள்விக்கு அதே பதிலைத்தான் சொல்லும். பீரோ மாறாது, அது தெரிந்ததுதான். ஆனால் தினமும் காலையில் திருத்துகிற அந்த மனிதர், ஒத்திகைக்குப் பிறகு தன் நிரலில் ஒரு எழுத்தைக்கூடத் தொடவில்லை. குதிரை வந்தால் தன் பக்கம் காலி என்று தெரிந்தும் அதைத் திறந்தே போட்டுவிட்டு, என் பக்கத்தைச் சரி செய்ய வந்திருக்கிறார். அதற்குப் பெயர் பிச்சை போடுவது. எனக்கு உடம்பு கூசியது.

நகர்த்தல் நகர்த்தலாக அதே ஆட்டம் வந்தது. கேபிள் செருகாமலே கிடந்ததால், வேலையை ஆரம்பிப்பதற்கு முன்பே அவர் செத்துவிட்டார் என்றுதான் நான் நினைத்திருந்தேன். அதனால் பீரோ ராணி எடுக்கும், தோற்கும், அதன் சுத்தத்தோடேயே தோற்கும் என்று மனதைத் தயார் செய்துகொண்டேன். சிப்பாய் எட்டாவது கட்டத்துக்குப் போனது. திரையில் குதிரை வந்தது.

கைதட்டினார்கள். இயக்குநர் எழுந்து வந்து என் தோளைப் பிடித்துக் குலுக்கினார். "கம்பியிலயே குதிரையை யோசிச்சு வச்சிருக்கீங்களே, மனுஷன்யா நீங்க" என்றார். நான் அந்தக் குதிரையையே பார்த்துக்கொண்டிருந்தேன். என் பீரோவின் வாயிலிருந்து அவருடைய குரல் வந்ததுபோல் இருந்தது.

வெளியே வரும்போது தங்கை என் கையைப் பிடித்துக்கொண்டு நடந்தாள். அழவில்லை, மெதுவாகத்தான் பேசினாள்.

"அன்னைக்கு மத்தியானம் போன் பண்ணினாரு அண்ணா. கேபிளே வேண்டாமாம், பீரோவுக்கு உத்தரவு போடுற சின்ன கம்ப்யூட்டர் இருக்காமே, அதுலயே எழுதி முடிச்சிட்டேன்னாரு. வேலை முடிஞ்சுதுன்னா வீட்டுக்கு வாங்கன்னேன். 'மச்சான் சாப்பிட்டு வர்றதுக்குள்ள உள்ள இருக்கிற பிஸ்கட் பொடியை எல்லாம் துடைச்சு வச்சிடறேன், கதவைத் திறந்து பார்த்தா அசந்துடுவாரு'ன்னு சொன்னாரு. கம்பி தொங்குது, பயமில்லன்னு வேற சொன்னாரு." கொஞ்ச தூரம் போனதும் நின்றாள். "ஆனா கம்பி சுவத்துலதான் இருந்துச்சுன்னு எல்லாரும் சொல்றாங்க. அவருக்குத் தப்பா தெரிஞ்சிருக்குமோ அண்ணா?"

"இருக்கலாம்மா" என்றேன். யோசித்துப் பார்த்தால், அது ஒன்றுதான் நான் சொன்ன பொய்.

அவளுக்குச் சந்தேகம் வந்துவிட்டது, அதனால் பயந்து வந்திருக்கிறேன் என்று நினைக்காதீர்கள். அவள் என்னைச் சந்தேகப்பட மாட்டாள். நேற்றுகூட எனக்குச் சாப்பாடு கட்டி அனுப்பியிருந்தாள். நான் வந்தது வேறு காரணத்துக்காக. அந்தக் குதிரை என்னுடையது இல்லை. இயக்குநர் அதை என் பெயரில் எழுதி நாலு இடத்துக்கு அனுப்பப்போகிறார். அடுத்தவருடைய ஒட்டை என் வேலை என்று சொல்லிக்கொள்ள எனக்கு வராது, என் நேர்மை அதற்கு இடம் கொடுக்காது. அதைத் திருத்திச் சொல்ல வேண்டுமென்றால் மற்றதையும் சொல்லித்தான் ஆக வேண்டும். ஆகவே எழுதிக்கொள்ளுங்கள். திருகைக் கழற்றியது நான், கம்பியை மாட்டியது நான், கை வைக்கலாம் என்று சொன்னதும் நான். என் தங்கையின் கணவரை நான்தான் கொன்றேன்.

வருத்தம் உண்டா என்று கேட்கிறீர்கள். ஆட்களைக் கூப்பிடுவதற்கு முன் அவர் கையை நான் பிரித்துப் பார்த்ததை இன்னும் சொல்லவில்லை. விரல்கள் இறுகியிருந்தன, ஒவ்வொன்றாக விலக்க வேண்டியிருந்தது. உள்ளே கைக்குட்டை. எறும்பும் பொடியும் ஒட்டிக்கொண்டு, பிழிந்தால் தண்ணீர் சொட்டும் அளவுக்கு நனைந்திருந்தது. இதையும் மறக்காமல் சேர்த்துக்கொள்ளுங்கள் ஐயா: ஈரத் துணி அந்த அறைக்குள் வரக் கூடாது என்று நான் அவரிடம் எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறேன்.